முதல் சினிமாக் கொட்டகை: செவிவழிக் கதைகளும் உண்மைகளும்

பழைய கட்டடத்தின் அருமையைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வீட்டு முகப்பில் பர்மாத் தேக்குத் தூண், எந்த வளவில் ஆத்தங்குடிக் கல், எந்தச் சுவரில் முட்டைச் சாந்துப் பூச்சு என்பதெல்லாம் நமக்கு அத்துபடி. வீடு கட்டிய பாட்டனாரின் பெயரும் புதுமனை புகுந்த வருடமும் பிசகாமல் வாயில் வரும். ஆனால் பேச்சு சினிமாக் கொட்டகைப் பக்கம் திரும்பியதும் இந்தக் கவனமெல்லாம் எங்கோ போய்விடுகிறது. யாரோ சொன்னதை யாரோ எழுதினார், அதைப் பார்த்து இன்னொருவர் மேடையில் பேசினார், அது வரலாறாகிவிட்டது.

தமிழ்நாட்டின் தொடக்ககாலத் திரையரங்குகளைப் பற்றி நம்மிடையே உலவும் கதைகளில் பாதி அப்படி வந்தவை. கேட்டுவிட்டுப் போகலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றலாம். நஷ்டம் உண்டு. எந்தக் கட்டடம் முக்கியம், எதைக் காப்பாற்ற வேண்டும், எதை இடிக்கலாம் என்ற முடிவுகள் இந்தக் கதைகளை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. எனவே ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்ப்போம்.

1. "தமிழ்நாட்டின் முதல் திரையரங்கை 1900-இல் மேஜர் வார்விக் என்ற ராணுவ அதிகாரி கட்டினார்."

பொது அறிவு நூல்களிலும் சினிமா நூற்றாண்டுச் சொற்பொழிவுகளிலும் இன்றுவரை அலுக்காமல் வரும் வாக்கியம் இது. இதில் ஆண்டும் தவறு, ஆளும் தவறு. சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலையில்) எலெக்ட்ரிக் தியேட்டர் தொடங்கியது 1913-இல். தொடங்கியவர் வார்விக் மேஜர்; அவருடைய கூட்டாளி ரெஜினால்ட் அயர். மேஜர் என்பது அவரது குடும்பப் பெயர். எப்போதோ ஒருவர் அதை முன்னால் தூக்கி வைத்து எழுத, பெயர் பதவியாகிவிட்டது. பிறகு வந்தவர்கள் அந்தப் பதவிக்கு ஏற்ற ராணுவ வாழ்க்கையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆவணத்தைப் பார்க்காவிட்டாலும், 1900 என்ற ஆண்டு பொருந்தாது என்பதைச் சற்று யோசித்தாலே கண்டுகொள்ளலாம். அப்போதைய படங்கள் சில நிமிடங்களே ஓடுபவை. படச்சுருளை அடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டும், வாடகைக்குக் கிடைக்காது. கையில் இருப்பதோ பத்துப் பதினைந்து சுருள். ஒரே ஊரில் நிரந்தரக் கட்டடம் எழுப்பி உட்கார்ந்தால், இரண்டாம் வாரம் காட்டுவதற்குப் புதிதாக எதுவும் இருக்காது. ஆகவே படத்தை மாற்ற முடியாதவர்கள் ஊரை மாற்றினார்கள்; கூடாரத்தோடு அலைந்தார்கள். பிரான்சின் பாத்தே நிறுவனம் 1907-இல் விற்பதை விட்டு வாடகைக்கு விடும் முறைக்கு மாறியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். வாரம் ஒரு புதுப்படம் என்பது அதன் பிறகே சாத்தியமாயிற்று. நிரந்தரத் திரையரங்குகள் உலகெங்கும் பெருகியதும் அதன் பிறகுதான். சென்னை மட்டும் 1900-இலேயே முந்திக்கொண்டது என்பதற்கு வழியே இல்லை.

2. "சென்னையில் முதன்முதலாகப் படம் காட்டிய இடமே எலெக்ட்ரிக் தியேட்டர்தான்."

லூமியேர் சகோதரர்களின் படங்கள் பம்பாய் வாட்சன் ஓட்டலில் காட்டப்பட்டது 1896 ஜூலை 7-ஆம் தேதி. சென்னைக்கும் அந்தப் புதுமை அதிக காலம் பிந்தாமல் வந்து சேர்ந்தது. 1896-97 வாக்கிலேயே சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த விக்டோரியா பப்ளிக் ஹாலில் சலனப்படம் காட்டப்பட்டது. அது கூட்டங்களும் நாடகங்களும் நடந்த பொதுமண்டபம். பிறகு 1911-இல் பிராட்வேயில் திருமதி கிளக் என்ற பெண்மணி பயாஸ்கோப் என்ற பெயரில் படக்காட்சி நடத்தினார். சில மாதங்களில் அது மூடப்பட்டது. எலெக்ட்ரிக் தியேட்டர் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது.

முதலில் படம் காட்டிய இடம் ஒன்று. முதலில் தொடர்ந்து படம் காட்ட முயன்ற இடம் இன்னொன்று. படம் காட்டுவதற்கென்றே எழுந்து இன்றும் நிற்கும் கட்டடம் வேறொன்று. மூன்றையும் ஒரே "முதல்" என்ற சொல்லுக்குள் திணிப்பதால்தான் குழப்பம் தீரவில்லை. திருமதி கிளக்கின் பெயர் பலருக்குத் தெரியாமலே போனதற்கும் இந்தத் திணிப்பே காரணம். தமிழகச் சினிமாத் தொழிலின் தொடக்கத்தில் ஒரு பெண் இருந்தார் என்ற செய்தியை நாம் வீணாக இழந்திருக்கிறோம்.

3. "பெயரே எலெக்ட்ரிக், சென்னைக்கு மின்சாரத்தைக் காட்டியது அந்தத் தியேட்டர்தான்."

சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-இல். தியேட்டர் வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே நகரத்து மக்கள் மின்சாரத்தில் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெயரும் சென்னைக்கு மட்டும் உரியதன்று. லாஸ் ஏஞ்சல்ஸில் 1902-லும், இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1909-லும், அதையடுத்து லண்டன் போர்ட்டபெல்லோ சாலையிலும் எலெக்ட்ரிக் என்ற பெயரிலேயே படக்கொட்டகைகள் திறக்கப்பட்டன. புதுமையைச் சொல்லி ஆள் சேர்க்க அந்நாளில் வியாபாரிகள் கையாண்ட பெயர் அது. இன்று கடைக்கு டிஜிட்டல் என்று பெயர் வைப்பதுபோல. விளம்பரப் பெயரை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டது நம் பிழை.

4. "அந்தக் கட்டடம் எப்போதோ இடிந்துபோயிற்று."

இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது. எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டாண்டுகளே நடந்தது. 1915-இல் தபால் துறை அந்த இடத்தை வாங்கியது. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்தில் அந்தக் கூடம் இன்றும் நிற்கிறது. தபால்தலை சேகரிப்போருக்கான மையமாகப் பின்னாளில் பயன்பட்டது. சினிமாக் கூடமாக இருந்ததைவிடத் தபால் துறையின் கூடமாக இருந்த காலமே மிக நீளம். நம்மில் எத்தனையோ பேர் அந்த வளாகத்தில் மணியார்டர் எழுதியிருப்போம், தபால்தலை வாங்கியிருப்போம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்காது.

இல்லாத ராணுவ மேஜரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். இருக்கும் கட்டடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. ஓர் அரசு அலுவலகம் குடியிருந்ததால்தான் அது தப்பியது. நம் அக்கறையால் தப்பியது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

5. "தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு கோவை வெரைட்டி ஹால்தான்."

இது ஊர்ப்பெருமையிலிருந்து பிறந்த வாதம். சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டியது 1914-இல். எலெக்ட்ரிக் தியேட்டர் அதற்கு ஓராண்டு மூத்தது. இதைச் சொன்னால் கோவைக்காரர்கள் வருந்த வேண்டியதில்லை. வின்சென்ட்டின் பெருமை ஒரு கட்டடத்தின் தேதியில் அடங்குவதன்று. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர், 1905-இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். பெருநகரத்தில் வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் அமர்ந்து பார்த்ததை, சிற்றூர்க்காரன் மணலில் அமர்ந்து பார்க்கும்படி செய்தவர் அவர். டூரிங் டாக்கீஸ் என்று நாம் பின்னாளில் கொண்டாடிய மரபின் மூலவர்களில் ஒருவர்.

அதே 1914-இல் சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். புகைப்படக் கலைஞரான அவரும் கூடாரத்தில் படம் காட்டிப் பழகியவர். பின்னர் கிரவுன், குளோப் என்று மேலும் திரையரங்குகள் எழுப்பினார். அந்தக் கெயிட்டி இன்று இல்லை. முதல் பட்டம் யாருக்கு என்று நாம் வாதாடிக்கொண்டிருந்த காலத்திலேயே அது இடிபட்டது.

6. "பணக்காரர்களின் சொகுசுக்காகத்தான் கூடாரம் போய்க் கட்டடம் வந்தது."

சொகுசுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தது நெருப்பு. 1897 மே மாதம் பாரிஸ் நகரில் அறச்சந்தை ஒன்றில் படம் காட்டும்போது கருவியின் விளக்கிலிருந்து தீப்பிடித்து, நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அக்காலப் படச்சுருள் நைட்ரேட் கலந்தது. ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆபரேட்டர் அறைக்குள் நடந்ததை நினைத்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். இரண்டு கார்பன் குச்சிகளின் முனைகளை ஒட்டவைத்து, மெல்ல விலக்கினால் இடையில் கண்ணைப் பறிக்கும் சுடர் எழும். குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும். ஆபரேட்டர் கையால் திருகித் திருகி அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுடரின் சூட்டுக்கு முன்னால்தான் படச்சுருள் ஓடுகிறது. ஓடும்வரை தொல்லையில்லை, சிக்கி நின்றால் நின்ற இடத்திலேயே பற்றும். ஆகவே கருவியைப் பார்வையாளர்களிடமிருந்து பிரித்து, தீப்பிடிக்காத தனி அறையில் வைக்க வேண்டும் என்று பிரிட்டன் 1909-இல் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1918-இல் சினிமாட்டோகிராப் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் படம் காட்டக் கூடாது என்றாயிற்று. பழைய கொட்டகைகளின் பின்சுவரில் நாம் பார்த்த சின்னஞ்சிறு சதுரத் துவாரங்களும் அவற்றை மூடும் இரும்புத் தகடுகளும் இந்த அச்சத்தின் விளைவுகள். அவற்றை அலங்காரம் என்றோ ஓட்டை என்றோ நினைத்துப் பூசி மூடுகிறவர்கள் ஒரு பாதுகாப்பு வரலாற்றையே பூசி மூடுகிறார்கள்.

7. "ஊமைப்படக் காலத்துக் கொட்டகைகள் அமைதியாக இருந்தன."

படம்தான் பேசவில்லை; கொட்டகை ஓயாமல் பேசியது. திரைக்கு அருகில் ஆர்மோனியம், தபலா, சில இடங்களில் மேள வாத்தியம். இடையிடையே வரும் எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்ததால், ஒருவர் திரையோரம் நின்று கதையை உரக்க விளக்கினார். பகலில் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, கொட்டு முழக்கி, நோட்டீஸ் வீசிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். ஆங்கிலப் படமும் பம்பாய்ப் படமும் இந்த விளக்கக்காரர்களின் வாயால்தான் தமிழ்நாட்டுக் கதையாயின. கூத்தும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்த கூட்டம் சினிமாவை அந்நியமாக எண்ணாததற்கு அவர்கள் ஒரு காரணம். அக்காலத்தை மௌனம் என்று வர்ணித்து, அந்தக் கலைஞர்களின் பிழைப்பையும் திறமையையும் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டோம்.

8. "மதுரைத் தங்கம் தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது."

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய்ப் படம் பார்த்தவர்கள் வீட்டில் வந்து சொன்ன பெருமை இது. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. பிரம்மாண்டம்தான், ஐயமில்லை. ஆனால் டோக்கியோவில் 1933-லேயே திறக்கப்பட்ட நிப்பான் கெகிஜோ அரங்கம் சுமார் 4,000 பேரைக் கொள்ளக்கூடியது. தங்கம் திறந்தபோதும் அது நடந்துகொண்டிருந்தது. அங்கே படமும் காட்டினார்கள், மேடை நிகழ்ச்சியும் நடத்தினார்கள்.

ஆசியா என்ற சொல்லைச் சேர்த்தால்தான் நம் ஊர்க் கட்டடத்துக்கு மதிப்பு என்று எண்ணியது எவ்வளவு உதவியது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். ஆசியாவிலேயே பெரியது என்று வாய் ஓயாமல் சொன்ன ஊரில், அந்த இடத்தில் இன்று நிற்பது ஜவுளிக்கடை. பட்டம் ஒரு செங்கல்லைக்கூடக் காப்பாற்றவில்லை.

9. "ஏவி.எம். பிறந்ததே காரைக்குடியில்தான், ஊர்ப்பாசத்தால் செட்டியார் இங்கே பெரிய ஸ்டுடியோ கட்டினார்."

கடைசியாக நம் வீட்டுக் கதை. மற்ற ஊர்க்காரர்களின் கதைகளைச் சரிபார்க்கும் நாம் இதை மட்டும் விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடையில் தொடங்கி, கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்தின் வழியாகச் சினிமாவுக்கு வந்தார். 1935-இல் அவர் எடுத்த அல்லி அர்ஜுனா கல்கத்தாவில் உருவானது. 1941-இல் சபாபதி, 1945-இல் ஸ்ரீவள்ளி என்று பெயர் வாங்கிய பிறகே ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் தொடங்கியது; தொடங்கிய இடம் சென்னை சாந்தோம், ஆண்டு 1945.

ஸ்டுடியோ காரைக்குடிக்கு வந்ததற்குக் காரணம் போர்க்கால நெருக்கடி. சென்னையில் புதிய ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைக்கவில்லை. தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையும் அதைச் சுற்றிக் காலி இடமும் இருந்தன. அதை வாடகைக்கு எடுத்து, கீற்றுக் கொட்டகைகள் போட்டு, ஸ்டுடியோ ஆக்கினார். நாம் இருவர் 1947-லும் வேதாள உலகம் 1948-லும் வெளிவந்தன. இரண்டும் இங்கே எடுக்கப்பட்டவை. நெருக்கடி நீங்கியதும் நிறுவனம் கோடம்பாக்கம் போயிற்று.

இந்த உண்மையில் நமக்குக் குறைவு எதுவும் இல்லை. பெரிய மாளிகை எழுப்பினார் என்ற கற்பனையைவிட, நாடகக் கொட்டகையைத் திருத்தி அதிலிருந்தே நாடு பேசும் படத்தை எடுத்தார் என்ற நிஜம் அவருடைய சாமர்த்தியத்தைக் கூடுதலாகக் காட்டுகிறது. நாடகம் நடந்த கொட்டகையில் சினிமா குடியேறிய வரலாறு முழுவதற்கும் அந்த இடம் ஒரு சாட்சி. ஆனால் மாளிகையைத் தேடிப் போகிறவர்கள் அங்கே எதுவும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள்.

பிழைகள் ஏன் சாகவில்லை?

மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது, நமக்கு வரலாறு என்றாலே பட்டம். முதல், பெரிய, ஒரே என்ற அடைமொழி இல்லாத செய்தி நம் நினைவில் தங்குவதில்லை. தங்கவைப்பதற்காக அடைமொழியைப் பொய்யாகவாவது ஒட்டுகிறோம். இரண்டாவது, ஊர்ப்பற்று. நம் ஊரைப் பற்றிய புகழ்ச்சியைச் சரிபார்ப்பது துரோகம்போலப் படுகிறது. மூன்றாவது, சான்றுகள் இருக்குமிடம் தெரியாமை. சினிமா நேற்று வந்த பொழுதுபோக்கு, அதற்கு ஏது ஆவணம் என்று நினைக்கிறோம்.

ஆவணம் ஏராளம். அன்றைய நாளிதழ்களில் தினந்தோறும் காட்சி விளம்பரங்கள் வந்தன. திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் விசாரித்த இந்திய சினிமாட்டோகிராப் கமிட்டி, திரையரங்கு நடத்தியவர்களையே நேரில் அழைத்துச் சாட்சியம் வாங்கித் தொகுதிகளாக அச்சிட்டது. 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு கொட்டகைக்கும் சி-பாரம் லைசென்ஸ் வழங்கப்பட்டது. காரைக்குடி அடங்கிய சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் பிரிந்தது. காரைக்குடிக் கொட்டகைகளின் பழைய கோப்புகளைத் தேடுவோர் பழைய இராமநாதபுரம் மாவட்டப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இந்தச் சிறு விவரம் தெரியாமல், சிவகங்கையில் விசாரித்துவிட்டு எதுவும் கிடைக்காது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

காகிதத்தைக் காப்பது எப்படி என்பதற்கு முன்மாதிரியும் நம் பக்கத்திலேயே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்ட பழம்புத்தகங்களோடு சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீஸ்களையும் ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. பத்துக் காசு நோட்டீசுக்கு அவர் கொடுத்த மதிப்பை நாம் ஒரு முழுக் கட்டடத்துக்குக் கொடுக்கவில்லை.

அதன் விலை நமக்குத் தெரிந்ததுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வீட்டுக் கதவும் நிலையும் தூணும் தனித்தனியாகக் கிடக்கின்றன. எந்த வீட்டிலிருந்து வந்தவை என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. கொட்டகைகளுக்கு அந்தக் கதிகூட வாய்ப்பதில்லை. தகரமும் இரும்பும் எடைக்குப் போகும். மனை பிளாட்டாகவோ கல்யாண மண்டபமாகவோ மாறும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது தெளிவு. ஊர்ப் பழைய கொட்டகை எதுவானாலும், அதற்கு முதல் என்ற பட்டம் உண்டா என்று கேட்பதை நிறுத்துவோம். யார் கட்டினார், எந்த ஆண்டு லைசென்ஸ், யார் ஆபரேட்டர், எங்கே பெண்கள் உட்கார்ந்தார்கள், என்ன கட்டணம் என்று கேட்போம். ஆபரேட்டர்களும் டிக்கெட் கொடுத்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து, கோப்போடு ஒப்பிட்டுப் பார்ப்போம். உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. இடித்தே தீர வேண்டிய கட்டடமானால், இடிப்பதற்கு முன் அளந்து, படம் எடுத்து, எழுதி வைப்போம். ஆதாரமில்லாத பட்டங்களைக் கைவிடுவதால் நம் ஊருக்கு ஒரு குறையும் வராது. ஆதாரத்தோடு எழுதிய நான்கு பக்கம் இருந்தால், அடுத்த கொட்டகையின் மேல் கடப்பாரை விழுவதற்கு முன் நிறுத்திக் கேட்க நமக்கு ஒரு காரணமாவது கையில் இருக்கும்.